ஊர்க் குழாய்த் தண்ணீரைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தண்ணீர் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் ஐந்து பெண்களில் நான் ஒருத்தி. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லித்தர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அப்படிக் கற்றுக்கொண்டதுதான். குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஃபுளோரைடு பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், எங்கள் பக்கத்து நிலைமை அப்படி.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ருசியும் நன்றாக இருக்கிறது. இதைப் போய் எதற்குச் சோதிக்க வேண்டும்?

ஃபுளோரைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. நைட்ரேட்டும் அப்படித்தான். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி கலந்த தண்ணீரும் சொம்பில் பார்த்தால் பளிங்காகவே இருக்கும். கண்ணையும் நாக்கையும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

எங்கள் பக்கம் முன்பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்கள் ஏராளம். என் பாட்டி அதைக் குடும்ப வாகு என்றே நினைத்திருந்தார். வயதானவர்கள் குனிய முடியாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல் போனதையும் வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். இரண்டுக்கும் பின்னால் இருந்தது தண்ணீரில் அளவுக்கு மீறிய ஃபுளோரைடு. குடிநீர் ஃபுளோரைடு எலும்பையே பாதிக்கிறது என்பது இந்தியாவில் 1937இலேயே பதிவாகிவிட்டது. அது நடந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பூமிக்கடியில் இருப்பது கருங்கல் வகைப் பாறை. அந்தப் பாறையில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. தண்ணீர் பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கும்போது அது கரைந்து வருகிறது. கிணறு வற்றி, போரை (ஆழ்துளைக் கிணற்றை) ஆழம் ஆழமாக இறக்க இறக்க நாம் தேடிப் போனது அந்தத் தண்ணீரைத்தான்.

இதற்கு நேர்மாறும் உண்டு. குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் மறுநாள் மஞ்சளாகித் துரு மாதிரி அடியில் படிந்தால் வீடே பதறுகிறது. அது பெரும்பாலும் இரும்பு. துணியில் கறை பிடிக்கும், ருசி கெடும். ஆனால் ஃபுளோரைடு செய்யும் கெடுதலை அது செய்வதில்லை.

என்னென்ன பார்ப்பார்கள்?

இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டால் புரியும். ஒன்று கிருமி. இன்னொன்று கரைந்திருக்கும் உப்பு, கனிமம், ரசாயனம்.

இரண்டுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் நேரம். கிருமி ஒரே நாளில் வரும். இன்று காலை சுத்தமாக இருந்த குழாயில், மதியம் சாக்கடைக்குப் பக்கத்தில் பைப் உடைந்தால் மாலையில் கிருமி இருக்கும். உப்பும் ஃபுளோரைடும் அப்படி இல்லை, பருவத்துக்குப் பருவம் மெதுவாக மாறும். அதனால்தான் ரசாயனச் சோதனை வருடத்துக்கு ஒரு முறையும், கிருமிச் சோதனை மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரு முறையும் குறைந்தபட்சம் செய்ய வேண்டும் என்கிறார்கள். "போன வருடம் சோதித்தார்களே, நல்ல தண்ணீர் என்றார்களே" என்று யாராவது சொன்னால், எதைச் சோதித்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். போன வருடத்து ஃபுளோரைடு அளவு இன்றைக்கும் ஓரளவு உதவும். போன வருடத்துக் கிருமி முடிவு இன்றைக்கு எதற்கும் உதவாது.

தொழிற்சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. ராணிப்பேட்டை, வாணியம்பாடி போலத் தோல் பதனிடும் இடங்களில் குரோமியம், திருப்பூர் நொய்யல் பக்கம் சாயக்கழிவு. இதெல்லாம் வழக்கமான சோதனையில் தெரிய வராது. "குரோமியமும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. ஊராட்சியிலிருந்து மட்டுமல்ல, தனி ஆளாகவும் போய் மாதிரி கொடுக்கலாம். தனியார் கூடங்களை விடக் கட்டணம் குறைவு. சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நீர்ப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு. தனியாரிடம் கொடுப்பதானால், சோதனைக்கூடங்களைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இருக்கிறதா, எந்தெந்தச் சோதனைக்கு இருக்கிறது என்று பாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ் ஒரு சில சோதனைகளுக்கு மட்டுமானதாக இருக்கும்.

எங்கே போனாலும் முதலில் போன் செய்யுங்கள். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை அவர்களே தர வேண்டும், மாதிரியை எந்த நாளில் எடுத்துக்கொள்வார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்த் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். முதல் தடவை நானும் அப்படிப் போனவள்தான்.

தண்ணீரை எப்படிப் பிடிக்க வேண்டும்?

இதைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். சோதனைக்கூடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பிடித்த விதம் தப்பாக இருந்தால் முடிவும் தப்புதான். ரசாயனத்துக்குப் பிடிப்பது ஒரு முறை, கிருமிக்குப் பிடிப்பது அதற்கு நேர் எதிரான முறை. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர் பிடிக்கும் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். எண்ணெயோ ஆசிடோ ஜூஸோ இருந்த கேன் வேண்டாம். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓட விடுங்கள். அடிபம்பாக இருந்தால் பழைய தண்ணீர் போகும் வரை நன்றாக அடித்து வெளியேற்றுங்கள். பிடிக்கப்போகும் தண்ணீராலேயே கேனை மூன்று தடவை அலசி ஊற்றிவிட்டு, அப்புறம் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம்.

கிருமிச் சோதனைக்கு, கூடத்தில் கொடுத்த பாட்டிலை அலசவே கூடாது. உள்ளே சில துளி மருந்தோ பொடியோ இருக்கும். அது சோடியம் தயோசல்பேட். தண்ணீரில் மிச்சம் இருக்கும் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்றுகொண்டு போனால், குழாயில் என்ன இருந்தது என்று கூடத்தில் தெரியாது. பிடித்த நிமிடத்திலேயே குளோரினை நிறுத்துவதற்காக அந்த மருந்து. அலசினால் அது போய்விடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாய் வாயில் மாட்டியிருக்கும் ரப்பர் ட்யூபையும் துணியையும் கழற்றுங்கள். இரும்பு, பித்தளைக் குழாயானால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கொளுத்திக் குழாய் வாயைச் சுடுவார்கள். பிளாஸ்டிக் குழாயை ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மூடியின் உட்பக்கத்தையும் பாட்டில் கழுத்தையும் தொடாமல் பிடியுங்கள். இதை விளிம்பு வரை நிரப்பக் கூடாது, குலுக்குவதற்கு மேலே கொஞ்சம் இடம் வேண்டும்.

பிடித்ததும் ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் அந்த மாதிரியை நம்ப முடியாது. ஐஸ் பெட்டி இல்லாவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் தடுப்பூசிப் பெட்டி மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கேட்காதீர்கள், தடுப்பூசிக்கானதை அதற்கே விட்டுவைப்போம். மீன்காரர் தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, மாதிரிப் பாட்டிலைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி வைத்தாலே போதும்.

பாட்டில் மேல் ஊர், தெரு, எந்தக் குழாய், தேதி, மணி எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தால் எது எது என்று மறந்துபோகும்.

எந்தக் குழாயில் பிடிப்பது?

மூன்று இடம்: தண்ணீர் புறப்படும் இடம், மேல்நிலைத் தொட்டி, கடைசித் தெருவின் கடைசிக் குழாய். போரில் சுத்தம், தொட்டியில் சுத்தம், கடைசிக் குழாயில் மட்டும் கிருமி என்று வந்தால் இடையில் எங்கோ பைப்பில் ஓட்டை. தொட்டியிலேயே கிருமி என்றால் தொட்டியைக் கழுவ வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் இது எதுவும் தெரியாது.

பல ஊர்களில் தொட்டிக்கு அடியில் உள்ள முதல் குழாயிலேயே பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். கடைசிக் குழாய் இருப்பது பெரும்பாலும் காலனியில், இல்லாவிட்டால் ஊரின் பள்ளமான பக்கத்தில். தண்ணீர் கடைசியாக, மெலிந்து வருவதும் அங்கேதான், சாக்கடை தேங்குவதும் அங்கேதான். அங்கே பிடிக்காத சோதனையை ஊர்ச் சோதனை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தச் சோதனைப் பெட்டியை நம்பலாமா?

நம்பலாம், அதன் எல்லை தெரிந்து. சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுவதை அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுவோம். பி.எச். (புளிப்பு, கார அளவு), கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, மிச்சக் குளோரின் எல்லாம் ஊரிலேயே பார்த்துவிடலாம். ஆனால் 1.4 என்றும் 1.6 என்றும் பிரித்துச் சொல்லும் நுணுக்கம் அதில் இல்லை. ஃபுளோரைடுக்குக் கடைசி எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதால் அந்தச் சின்ன வித்தியாசம்தான் முக்கியம். எனவே பெட்டியில் சந்தேகம் வந்தால் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பெட்டியை வெயிலில் வைத்து, மருந்தின் காலாவதித் தேதி பார்க்காமல் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். தேதி முடிந்த மருந்து எல்லாத் தண்ணீரையும் நல்ல தண்ணீர் என்று காட்டிவிடக்கூடும்.

கிருமிக்கு ஒரு சின்னக் குப்பி உண்டு. அதில் தண்ணீரை ஊற்றி அறை வெப்பத்தில் வைத்தால், மலக் கலப்பு இருக்கும் தண்ணீர் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுப்பாகும். அந்த வகைக் கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும், அது குப்பியில் உள்ள மருந்தோடு சேர்ந்து கறுக்கிறது. 1982இல் மஞ்சா என்ற நம் நாட்டு விஞ்ஞானியும் உடன் இருந்தவர்களும் வெளியிட்ட முறை இது, இன்று உலகின் பல நாட்டுக் கிராமங்களில் பயன்படுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: அழுகின முட்டை வாடை இயல்பாகவே வரும் போர்த் தண்ணீரில் கிருமி இல்லாமலும் கறுக்கலாம்.

ரிப்போர்ட்டில் இரண்டு கட்டத்தில் இரண்டு அளவு போட்டிருக்கிறதே?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரத்திலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். முதல் கட்டம் ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய கடைசி அளவு. இரண்டாவது அளவுக்குள் இருக்கிறது என்பதற்காக நல்ல தண்ணீர் என்று சொல்லிவிடக் கூடாது. வேறு வழி இருந்தால் அந்த வழிக்குப் போக வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள்.

அளவெல்லாம் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் ஒரு கிராம் பொருளைக் கலந்தால் அதுதான் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஃபுளோரைடு 1.0 வரை ஏற்கத்தக்கது, கடைசி எல்லை 1.5. மொத்தக் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., 500 வரை நல்லது, எல்லை 2000. கடினத்தன்மை 200, எல்லை 600. குளோரைடு 250, எல்லை 1000. பி.எச். 6.5 முதல் 8.5 வரை.

நைட்ரேட் 45. இதற்கு இரண்டாவது கட்டத்தில் தளர்வே கிடையாது, அந்தக் கட்டத்தை முதலில் பாருங்கள். சாக்கடை, செப்டிக் டேங்க், எருக்குழி, வயலில் போடும் யூரியா இவற்றிலிருந்து வருவது. கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கும் தண்ணீரில் அதிகம் இருந்தால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும்.

மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதில் கொஞ்சம் பரவாயில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

மிஷின் விற்க வந்தவர் ஒரு பேனா மாதிரி கருவியை விட்டு 900 என்று காட்டினார். விஷமா?

இல்லை. அந்தக் கருவி தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, மொத்த உப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அது எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருப்பதும் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீர் 300 காட்டலாம், கிருமியே இல்லாத ஆழ்துளைத் தண்ணீர் 900 காட்டலாம். அந்த எண்ணை வைத்துப் பயமுறுத்தி விற்பவரிடம், ஃபுளோரைடு எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கிருமி போகும். கொப்புளித்துக் கொதி வந்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும், ஆறிய பிறகு மூடி வையுங்கள், கையை விடாமல் மொண்டு குடியுங்கள். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். ஃபுளோரைடு ஊரில் கால் மணி நேரம் கொதிக்க வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் தாய்மார்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அவ்வளவு அக்கறையும் வீணாகிறது.

பிளீச்சிங் வாடை அடிக்கிறது. குடிக்கலாமா?

லேசாக அடித்தால் நல்ல அறிகுறி. கடைசிக் குழாயில் மிச்சக் குளோரின் குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்பது தரம். அது இருந்தால்தான் வழியில் கிருமி புகுந்தாலும் சாகும். சுகாதார ஆய்வாளர் குளோரோஸ்கோப் என்ற சின்னக் கருவியில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பது இதைத்தான். சில பெட்டிகளில் மஞ்சளாகும், சிலவற்றில் இளஞ்சிவப்பாகும். நிறமே வராவிட்டால் அன்று பிளீச்சிங் போடவில்லை, அல்லது போட்ட அளவு போதவில்லை, அல்லது பைப்பில் அழுக்கு புகுந்து குளோரினைத் தின்றுவிட்டது.

ஆயிரம் லிட்டருக்குச் சுமார் நான்கு கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் ஆகிறது. பொடியை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றி அரை மணி நேரமாவது கழித்துத்தான் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

இதில் நடக்கும் பெரிய தப்பு ஒன்று உண்டு. நான் போன ஓர் ஊரில் பிளீச்சிங் மூட்டையை வாய் திறந்தபடி மோட்டார் ரூமில் வைத்திருந்தார்கள். தொட்டி ஆபரேட்டர் தினமும் தவறாமல் அளந்து போடுகிறார், நோட்டில் எழுதியும் வைக்கிறார். ஆனால் கடைசிக் குழாயில் சொட்டு மருந்துக்கு நிறமே வரவில்லை. திறந்து கிடந்த மூட்டையில் இருந்த குளோரின் எல்லாம் காற்றில் போய், மிச்சம் இருந்தது வெறும் சுண்ணாம்பு. அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை. மூடி போட்ட டிரம் ஒன்று வாங்கி வைத்தபின் சரியானது.

குப்பி கறுத்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

அன்றைக்கே செய்ய வேண்டியது: அந்தத் தெருவில் எல்லோரிடமும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், ஊராட்சி செயலருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் தகவல் சொல்லுங்கள், இன்னொரு குப்பியில் மறுபடி சோதியுங்கள், கூடத்துக்கும் ஒரு மாதிரி அனுப்புங்கள்.

அப்புறம் பைப் போகும் வழியிலேயே நடந்து பாருங்கள். சோதனை சொல்லாததை இந்த நடை சொல்லிவிடும். வால்வு குழியில் சாக்கடை நிற்கிறதா? வீட்டுக் குழாய்க்காகக் குழி தோண்டி, அதில் இறங்கித் தண்ணீர் பிடிக்கிறார்களா? தண்ணீர் வராத நேரத்தில் பைப்புக்குள் வெறுமை உண்டாகும்போது குழியில் தேங்கிய அழுக்கை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். யாராவது நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களா? அதுவும் இதே வேலையைச் செய்யும். போருக்கும் கழிப்பறைக் குழிக்கும் இடையில் எத்தனை அடி? அடிபம்பு மேடை விரிசல் விட்டிருக்கிறதா?

தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டித் தூணில் பெயிண்டில் எழுதும் வழக்கம் உண்டு. அந்தத் தேதியைப் படியுங்கள். ஏணி ஏறி மூடி இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா என்று ஆபரேட்டரோடு சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பிள்ளைகள் நோயுற்றபோது, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்லித்தான் தொட்டிக்குள் பார்த்தார்கள். பட்டியல் சாதி மக்கள் குடித்த அந்தத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து பூட்டு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஃபுளோரைடு 1.5க்கு மேல் வந்திருக்கிறது. வேறு போர் போடலாமா?

இன்னும் ஆழமாகப் போர் போடுவது முதல் யோசனையாக இருக்கக் கூடாது. பக்கத்திலேயே வேறொரு போரில் குறைவாக இருக்கலாம், ஆனால் சோதித்த பிறகே இணைக்க வேண்டும்.

நிலையான வழி, ஃபுளோரைடு குறைந்த ஆற்றுத் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்தது. ஜப்பான் நிதியுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்த நாளை நான் மறக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை விடாமல் கேட்க வேண்டும்: ஒகேனக்கல் தண்ணீரும் போர்த் தண்ணீரும் ஒரே தொட்டியில் ஏறுகின்றனவா? ஆற்றுத் தண்ணீர் வரத்து குறைந்த நாளில் போரைப் போட்டு நிரப்பிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. மக்களோ ஒகேனக்கல் தண்ணீர் என்று நம்பிக் குடிக்கிறார்கள். எனவே வரத்து நன்றாக இருக்கும் நாளில் ஒன்று, கோடையில் குறைந்த நாளில் ஒன்று என இரண்டு தடவை குழாயில் சோதியுங்கள். போர்த் தண்ணீருக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய் வைத்து, துவைக்கவும் புழங்கவும் மட்டும் என்று எழுதிவிடலாம். ஃபுளோரைடு தண்ணீரில் குளிப்பதால் கெடுதல் இல்லை. குடிப்பதும் சமைப்பதும்தான் பிரச்சினை. சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் எந்தத் தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டால், பல வீடுகளில் போர்த் தண்ணீர்தான்.

ஆற்றுத் தண்ணீர் வராத இடத்தில் மழைநீரைப் பிடித்துக் குடிக்கலாம், அதில் ஃபுளோரைடு அநேகமாக இருப்பதில்லை. கூரையின் முதல் மழையை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், கிருமிக்காகக் கொதிக்க வைக்க வேண்டும். நல்கொண்டா முறை என்று ஒன்றும் இருக்கிறது: படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கலக்கித் தெளிய வைத்தால், படியும் கசடோடு ஃபுளோரைடும் இறங்கும். இதை வீட்டில் குத்துமதிப்பாகச் செய்யாதீர்கள். தண்ணீருக்குத் தண்ணீர் அளவு மாறும், கூடினால் அலுமினியம் தண்ணீரில் தங்கிவிடும்.

பிள்ளையின் பல்லில் வெள்ளைத் திட்டு. மாறுமா?

வந்த திட்டு தானாக மாறாது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை, குடித்த தண்ணீரின் அடையாளம் அது. ஆனால் தண்ணீரை இன்றே மாற்றினால் இனி முளைக்கும் பற்களையும் எலும்பையும் காப்பாற்றலாம், தம்பி தங்கைகளைக் காப்பாற்றலாம். கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை, நெல்லி, கொய்யா கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சியும் உடம்பில் ஃபுளோரைடின் கெடுதலைக் குறைக்கும். வெறும் டீ வேண்டாம், டீத்தூளிலும் ஃபுளோரைடு உண்டு. எல்லா வெள்ளைத் திட்டும் ஃபுளோரைடு அல்ல, பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

கேன் தண்ணீரும் ஆர்.ஓ.வும் வாங்கினால் சோதனை தேவையில்லைதானே?

ஆர்.ஓ. முறை ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் நன்றாகக் குறைக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே வடிகட்டும் சவ்வு (மெம்பரேன்) பழசானால் சரியாகக் குறைக்காது, எனவே அதன் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். வெளியேறும் கழிவு நீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கும், அதை மாட்டுக்கு வைக்காதீர்கள். கேனில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 14543 என்ற எண்ணும் இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊரில் கேன் வாங்கும் வீடுகள் குழாயைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டன. வாங்க முடியாத வீடுகள் மட்டும் தனியாக நின்று கேட்க வேண்டியதாகிவிட்டது. அது எனக்கு வருத்தம்.

தேத்தாங்கொட்டை உரைத்துப் போட்டால்?

கலங்கல் தெளியும். நம் முன்னோர் கண்ட நல்ல முறை அது, முருங்கை விதையும் அப்படியே. தெளிந்த பிறகும் கிருமி முழுதாகப் போயிருக்காது, கொதிக்க வைத்தே குடியுங்கள்.

முடிவு கெட்டது என்று வந்தால் யாரிடம் போவது? எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?

வாய்ப்பேச்சாகப் போனால் கேட்க மாட்டார்கள், காகிதத்தோடு போனால் கேட்பார்கள். ஊராட்சித் தலைவரிடம், அவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம், ரிப்போர்ட் நகலோடு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் குடிநீர் வாரியத்துக்கும் அனுப்புங்கள். கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மட்டுமல்ல, இப்போது உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22லும் நவம்பர் 1லும் கூடுகிறது. மார்ச் 22 சபையில் தண்ணீர் சோதனை முடிவைப் படிக்கச் சொல்லிக் கேட்பது போலப் பொருத்தமான நேரம் கிடைக்காது. படித்ததும் தீர்மானப் புத்தகத்தில் அளவுகளோடு எழுதச் சொல்லுங்கள். "தண்ணீர் சரியில்லை" என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. "வடக்குத் தெரு போரில் ஃபுளோரைடு இவ்வளவு" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சோதித்த முடிவைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கடந்த மூன்று வருடத்தில் எந்தெந்தக் குழாயில், எந்தெந்தத் தேதியில் மாதிரி எடுத்தார்கள் என்றே கேளுங்கள்.

சோதனை முடிவுகளை நாங்களே ஒரு நோட்டில் எழுதி வைக்கலாமா? அதில் என்ன எழுத?

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மணி, எந்தக் குழாய், முந்தின நாள் மழை பெய்ததா, தண்ணீர் ஆற்றுடையதா போருடையதா, பார்த்தது என்ன, வந்தது என்ன, யாரிடம் சொன்னோம், அவர்கள் என்ன செய்தார்கள். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: "காலை 7 மணி. மாரியம்மன் கோயில் தெரு கடைசிக் குழாய். நேற்று மழை. மிச்சக் குளோரின் இல்லை. ஆபரேட்டர் அண்ணனிடம் சொன்னோம். மாலை பிளீச்சிங் போட்டார். மறுநாள் காலை பார்த்தோம், 0.2 வந்தது."